ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டால் இதய நோய் முழுமையாகக் குணமாகிவிடுமா?

உங்கள் தந்தைக்கு வேகமாக நடக்கும்போது மட்டும் நெஞ்சு இறுக்கம் வருவதாகவும், ஆஞ்சியோகிராமில் ஒரு தமனியில் 80 சதவீத அடைப்பு தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். என் தந்தைக்கு அந்தச் சிகிச்சை நடந்தபோது தேடிப் படித்தவற்றையும் அருகிலிருந்து கண்டவற்றையும் சொல்கிறேன். அடைப்பு நீங்கும்; நோய் நீங்காது.

ஆஞ்சியோபிளாஸ்டியில், மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே செலுத்தும் மெல்லிய குழாயின் நுனியிலுள்ள பலூனை அடைப்புள்ள இடத்தில் விரிக்கும்போது, அங்குள்ள கொழுப்புப் படிவு கரைந்துவிடுவதில்லை. அது பிளந்து சுவரோடு அழுந்த, சுவரும் சற்று விரிந்துகொடுப்பதால் இரத்தத்துக்கு வழி கிடைக்கிறது. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 38 வயதுடைய ஒருவரின் இதயத் தமனியில் முதன்முதலாக இதைச் செய்தபோது பலூன் மட்டுமே இருந்தது. அவ்வாறு திறந்த தமனிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சில மாதங்களிலேயே மீண்டும் சுருங்கியதால், 1986 முதல் ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாயும், பின்னர் மருந்து பூசிய ஸ்டென்ட்டும் வந்தன. இவை யாவும் ஓரிடத்தைத்தான் சரிசெய்கின்றன; படிவை உண்டாக்கும் நோயோ மற்றத் தமனிகளிலும் இருக்கிறது.

மாரடைப்பின்போது நிலைமையே வேறு. தமனி முழுவதும் அடைபட்டு, நிமிடத்துக்கு நிமிடம் இதயத் தசை மடிந்துகொண்டிருக்கையில், பலூனால் அதைத் திறப்பது உயிரைக் காக்கும். என் தந்தை பிழைத்தது அப்படித்தான். ஆனால் உங்கள் தந்தையைப் போல, உடலை வருத்தும்போது மட்டும் வலி வருகிறவர்களிடம் நடத்தி 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வும் 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும், முறையான மருந்துகளோடு தொடக்கத்திலேயே அடைப்பையும் சரிசெய்தவர்களிடையே, மருந்துகளோடு தொடங்கியவர்களைவிட மரணம் குறைந்ததாகக் காட்டவில்லை. வலி குறைந்ததைக் காட்டின. நடக்கவே அஞ்சும் ஒருவருக்கு அதுவே பெரிய பேறு. இதயத்தின் பெரும்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடது முதன்மைத் தமனியில் கடும் அடைப்புள்ளவர்களுக்கும் இதயத்தின் இயக்கம் மிகவும் தளர்ந்தவர்களுக்கும் இம்முடிவுகளைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆகவே மருத்துவரிடம் சதவீதத்தோடு நின்றுவிடாமல், எந்தத் தமனி, அதில் எந்த இடம், மருந்துகளை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தால் மட்டும் ஒரு நொடியும் காத்திராதீர்கள்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவே கூடாது. மூன்றாம் மாதத்தில் பல் பிடுங்குவதற்காக என் தந்தை அவற்றை நிறுத்திவிட இருந்தார். இதய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம், ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்தால் மீண்டும் மாரடைப்பு வரும் என்று அவர் தடுத்துவிட்டார். பல்லைத்தான் தள்ளிப்போட்டோம்.