புதிர் வகுப்பு போதுமா?

அன்புள்ள ஐயா,
நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. வாரம் ஒரு பீரியடு ஒதுக்கி, புதிர்களும் சுடோகுவும் கொடுத்தால் பிள்ளைகள் எல்லாப் பாடத்திலும் சிக்கல்களைத் தீர்க்கப் பழகிவிடுவார்கள் என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

புதிர் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கொடுங்கள். ஆனால் சுடோகு போடப் பழகியவருக்கு வேதியியல் தானாக வந்துவிடாது.

1980இல் கிக், ஹோலியோக் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கேள்வி இது: ஒருவருக்கு வயிற்றில் கட்டி. கதிரைப் பலமாகப் பாய்ச்சினால் நல்ல தசையும் அழியும், குறைத்தால் கட்டி அழியாது. என்ன செய்வது? இதைக் கேட்பதற்கு முன்பே மாணவர்களுக்கு ஒரு கதை கொடுத்திருந்தார்கள்: கோட்டைக்குப் போகும் சாலைகளில் கண்ணிவெடி, பெரும்படை போனால் வெடிக்கும். தளபதி படையைச் சிறு பிரிவுகளாக்கிப் பல சாலைகளில் அனுப்பி, ஒரே நேரத்தில் சேரவைக்கிறார். விடை கதையிலேயே இருக்கிறது: பல பக்கமிருந்து மெல்லிய கதிர்களை ஒரே நேரத்தில் கட்டியில் சேரவைப்பது. அப்படியும் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. அந்தக் கதை உதவும் என்று சொன்ன பிறகுதான் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே, ஒரு பாடத்தில் கற்ற வழி இன்னொன்றிலும் செல்லும் என்பதை ஆசிரியர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வேதியியல் லேபில் ஓர் உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் உப்புப் பகுப்பாய்வையே பாருங்கள். ரெக்கார்டு நோட்டில் உள்ள வரிசைப்படி பிள்ளைகள் ஊற்றிக்கொண்டே போகிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கியும் அம்மோனியா நெடி இல்லை. அங்கே நிறுத்தி, "இப்போது எது இல்லை என்று தெரிந்துவிட்டது?" என்று கேட்க வேண்டும். தமிழ் வகுப்பில் ஒரு அகப்பாடலின் கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டு, பேசுவது யார் என்று கேட்கலாம். 'என் மகள்' என்று வந்தால் தலைவியும் தோழியும் விலகிவிடுவார்கள், பெற்ற நற்றாயும் வளர்த்த செவிலியும் மிஞ்சுவார்கள். ஓர் எண் பகா எண்தானா என்று 2, 3, 5 என வகுத்துப் பார்க்கும்போது நீங்கள் செய்வதும், பொருந்தாததை ஒவ்வொன்றாக விலக்கும் இதே கழித்துக்கட்டுதல்தான். ஆனால் அம்மோனியா நெடியும் செவிலியின் பேச்சும் தெரியாதவருக்கு இந்த உத்தி மட்டும் தெரிந்து பயனில்லை. அதனால்தான் தனி பீரியடில் எனக்கு நம்பிக்கை குறைவு.

தலைமையாசிரியரிடம் வேறொன்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு பீரியடை ஆசிரியர்களுக்குக் கொடுக்கட்டும். தமிழ், வேதியியல் ஆசிரியர்களோடு நீங்கள் உட்கார்ந்து, அந்த வாரப் பாடங்களுக்குப் பொதுவான ஓர் உத்தியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் மூவரும் வகுப்பில், "நேற்று லேபில் செய்தீர்களே, அதேதான் இது" என்று சொல்லுங்கள். முதல் வாரம் கழித்துக்கட்டுதலில் தொடங்கலாம்.