அறிவியல் ஆசை எங்கே தொடங்கியது?

கேள்வி: ஐயா, உங்களுக்கு அறிவியல் ஆசை எப்படி வந்தது? என் மகனுக்கும் வர வேண்டுமே! – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் ஊர் ரப்பர் தோட்டத்தில்தான் அம்மா! ஸ்டோரில் (தோட்டத்தில் பால் பதப்படுத்தும் கொட்டகையில்) ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்தால் உறைந்துவிடும். ஏன் என்று கிராணியை (தோட்டத்து எழுத்தரை) நச்சரித்தேன். அவர் விளக்கம் சொல்லவில்லை. இரண்டு மங்கில் (கிண்ணத்தில்) பால் ஊற்றி, ஒன்றில் மட்டும் அமோனியா விட்டு, "நாளைக்கு வந்து பார்" என்றார். மறுநாள் சும்மா வைத்த பால் கட்டியாகியிருந்தது. மற்றது அப்படியே இருந்தது. ரப்பர் துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்குகின்றன, அமிலம் அதைக் குலைக்கிறது, பாக்டீரியாவும் அமிலம் உண்டாக்கும், அமோனியா அதைத் தடுக்கும் என்பதெல்லாம் அப்புறம் இடைநிலைப்பள்ளியில் படித்தது. அந்தக் கிராணிதான் என் முதல் ஆசிரியர். மகன் கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள்; செய்து பார்க்க விடுங்கள். பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் இருக்கிறது, அதையும் காட்டுங்கள்.