கூடாரத்தோடு வரும் தம்பிக்கு எந்தக் கிளப்பில் இடம்?

லண்டன் லூயிஷாமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்:

"நான், கணவர், இரண்டு பிள்ளைகள். பாவித்த கேம்பர்வான் ஒன்று வாங்கியிருக்கிறோம். படுக்கை, காஸ் அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி உண்டு, கழிவறை இல்லை. ஹரோவில் இருக்கும் தம்பி குடும்பம் கூடாரத்தோடு எங்களுடன் வரும். வருடத்தில் நாலைந்து வார இறுதி, கோடையில் ஒரு கிழமை, அதோடு வேல்ஸ் முருகன் கோயில். கேம்பிங் அன்ட் கரவனிங் கிளப்பா, கரவன் அன்ட் மோட்டார்ஹோம் கிளப்பா? இரண்டிலும் சேர வேண்டும் என்று கணவரின் வேலையிடத்தில் ஒருவர் சொல்கிறார்."

இரண்டிலும் சேர வேண்டாம். உங்களுக்கு முதலாவது போதும். அதற்குக் காரணம் நீங்கள் வாங்கிய வான் அல்ல, தம்பியின் கூடாரம்.

பெயர்கள் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், தலைமையகம் இருக்கும் ஊரைக் கொண்டே சொல்லிவிடுகிறேன். முதலாவது கொவென்ட்ரிக் கிளப், மற்றது ஈஸ்ட் கிரின்ஸ்டெட் கிளப். கொவென்ட்ரிக் கிளப் 1901இல் தொடங்கியது. தோமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரரும் அவரைப் போன்ற சிலரும் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள். அவர்கள் கூடியதுதான் இது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் கிளப் 1907இல் கரவன் வைத்திருந்தவர்களுக்காகத் தொடங்கியது. அப்போது கரவனைக் குதிரைதான் இழுத்தது. 'கரவன் கிளப்' என்றே நூறு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, 2017இல்தான் பெயரில் மோட்டார்ஹோமைச் சேர்த்துக்கொண்டது. பழைய கதையாக இருந்தாலும் அந்தக் குணம் இன்றும் போகவில்லை. கொவென்ட்ரிக் கிளப்பின் தளங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் கூடாரம் அடிக்கலாம். மற்றதில் கூடாரத்துக்கு இடம் தரும் தளங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் வான் உள்ளே போய், தம்பி வாசலில் நிற்கும் நிலை வரக்கூடாது.

அடுத்து, அங்கத்துவம் என்று எதற்குக் காசு கட்டுகிறோம் என்பது. பலரும் கிளப்பின் பெரிய தளங்களை எண்ணிப் பார்க்கிறார்கள்: கொவென்ட்ரிக்கு நூறு சொச்சம், ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு இருநூறு அளவில். இந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. பெரிய தளங்களில் பெரும்பாலானவை அங்கத்தவர் அல்லாதோருக்கும் திறந்தவை. இரவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் யாரும் தங்கலாம். அங்கத்தவருக்கு மட்டும் என்று இருப்பவை பண்ணை வீடுகளையும் பப்களையும் ஒட்டிய சின்னத் தளங்கள். அங்கத்துவத்தின் உண்மையான பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, கரவன் தளம் நடத்த உள்ளூராட்சியிடம் உரிமம் எடுக்க வேண்டும். இந்தக் கிளப்புகள்போல விலக்குப் பெற்ற அமைப்பு ஒன்று சான்று கொடுத்த நிலத்துக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. ஆனால் ஒரே நேரத்தில் ஐந்து கரவன் அல்லது மோட்டார்ஹோமுக்கு மேல் நிற்கக் கூடாது. நிற்பவர்களும் அந்த அமைப்பின் அங்கத்தவராக இருக்க வேண்டும். இப்படிச் சான்று பெற்றவை ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல், 'சி.எல்.' என்பார்கள். கொவென்ட்ரிக்கு ஆயிரத்துக்கு மேல், அவை 'சி.எஸ்.'. எண்ணிக்கையில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் முன்னால்தான், மறுக்கவில்லை. கரவனை இழுத்துக்கொண்டு தனியாகப் போகும் தம்பதி கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சி.எஸ். தளத்தில் ஐந்து வண்டிகளோடு, இடம் இருந்தால் பத்துக் கூடாரம் வரையும் அனுமதி உண்டு. வானும் கூடாரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, பிள்ளைகள் எல்லாரும் ஒரே புல்வெளியில் ஓடித் திரிய, உங்களுக்கு வேண்டியது இதுதானே.

ஆனால் சின்னத் தளம் என்றதும் கோல்ஃப் மைதானம்போல் ஒன்றை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கேற்றைத் திறந்து உள்ளே போய்த் திரும்ப மூடிவிட வேண்டும், ஆடு வெளியே வந்துவிடும். வேலியோரம் ஒரு குடிதண்ணீர்க் குழாய். குப்பைக்கு ஒரு தொட்டி. இரசாயனக் கழிவறைப் பெட்டியைக் கொண்டுபோய் ஊற்றுவதற்கு மூடிபோட்ட ஒரு குழி. பல இடங்களில் இவ்வளவுதான். குளியலறையும் கிடையாது, கழிவறையும் கிடையாது. உங்கள் வானில் கழிவறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பியின் கூடாரத்தில் நிச்சயமாக இருக்காது. எனவே தளப் பட்டியலைப் பார்க்கும்போது கழிவறை, ஷவர் உள்ள சி.எஸ். தளங்களை மட்டும் பிரித்தெடுங்கள். அல்லது 'போர்ட்டா பொட்டி' வகைக் கையடக்கக் கழிவறை ஒன்றும், அதை வைக்க ஒரு சின்ன நிமிர்ந்த கூடாரமும் வாங்கிவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இரவில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரப்புல்லில் நடப்பது ஒருதரம் போதும்.

காசுக் கணக்கு எளிது. இரண்டு கிளப்பிலும் ஆண்டுச் சந்தா நூறு பவுணுக்குள் அடங்கிவிடும். போக நினைக்கும் தளம் ஒன்றை எடுத்து, ஒரே திகதிக்கு அங்கத்தவர் விலையையும் மற்றவர் விலையையும் பாருங்கள். பேச்சுக்கு, வித்தியாசம் இரவுக்கு 10 பவுண், சந்தா 50 பவுண் என்றால் ஐந்தாவது இரவில் போட்ட காசு திரும்பிவிடும். நீங்கள் சொல்லும் நாலைந்து வார இறுதியும் ஒரு கிழமையும் சேர்ந்தால் பதினைந்து இரவுக்குக் கிட்ட வரும், ஆகவே அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிட்ச்சுக்கு (வண்டியோ கூடாரமோ நிற்கும் இடத்துக்கு) ஒரு விலையும், பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனி விலையும் போடும் தளங்கள் உண்டு. அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் அவர்களையும் சேர்த்து விலை பாருங்கள்.

தம்பி விஷயத்தில் நம் ஆட்கள் பலர் தடுமாறுவார்கள். ஒரு சந்தாவுக்குள் வருவது ஒரே முகவரியில் வாழும் கணவன் மனைவியும் பிள்ளைகளும். ஹரோவில் இருக்கும் தம்பி அதற்குள் வரமாட்டார். "அக்காவின் அட்டையில் சமாளிக்கலாம்" என்பது சி.எஸ். தளத்தில் சரிவராது, அங்கத்தவர் அல்லாத ஒருவரை அங்கே தங்க விடுவது பண்ணைக்காரரின் சான்றையே கெடுக்கும். தம்பியும் தனியாகச் சேர வேண்டும். வானை அவரிடம் இரவல் கொடுத்து அனுப்பும் வார இறுதிக்கும் இதே விதிதான்: அங்கத்துவம் ஆளுக்கே தவிர வண்டிக்கு இல்லை.

காப்புறுதிக் கழிவு, கப்பல் டிக்கெட் கழிவு என்று இரு கிளப்பும் நீளமாகப் பட்டியல் போடும். அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். வழியில் வண்டி நின்றால் வரும் உதவி (கொவென்ட்ரியில் 'அரைவல்', ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் 'மேடே') சந்தாவுக்குள் வருவதில்லை, தனிக் காசு. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் உதவித் திட்டம் இந்த வானின் எடையையும் நீளத்தையும் ஏற்றுக்கொள்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்றால் இன்னொன்று வேண்டாம். பிரான்ஸ் பக்கம் அடிக்கடி போகிறவராக இருந்தால் கதை வேறு. நீங்கள் அப்படி எழுதவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தளத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் மணித்தியாலத்திலேயே இது வரும். மின் இணைப்பு எத்தனை அம்பியர் என்று கேளுங்கள். பெரிய தளங்களில் 16 அம்பியர் வரை கிடைக்கும். பண்ணைகளில் 10, சில இடங்களில் 6 மட்டும். 230 வோல்ட்டில் 10 அம்பியர் என்றால் 2,300 வாட். வீட்டுக் கேத்தல் ஒன்று 3,000 வாட் இழுக்கும். போட்ட உடனே மின் போய்விடும். ரைஸ் குக்கர் பொதுவாக 700 வாட்டுக்குள் அடங்கும், அதனால் சோற்றுக்குப் பயமில்லை. ஆனால் அது வேகும்போது ஹீற்றரைப் போடாதீர்கள். தேநீருக்குத் தண்ணீரைக் காஸிலேயே கொதிக்க வையுங்கள். குழம்பு தாளிப்பதை வானுக்கு வெளியே வைத்துக்கொண்டால் மெத்தையில் மணம் ஏறாது. கூடாரத்துக்குள் மட்டும் அடுப்பும் கூடாது, அணைந்த பார்பிக்யூவும் கூடாது. கார்பன் மொனொக்சைட் மணம் காட்டாமல் கொல்லும்.

இடைவெளி விதியும் உண்டு. தீப் பாதுகாப்புக்காக ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் 6 மீற்றர் விடச் சொல்வார்கள். வானையும் கூடாரத்தையும் ஒட்டிப் போட்டு நடுவில் பாய் விரிக்கும் எண்ணம் இருந்தால், இரண்டு பிட்ச்சைப் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுப் பதியுங்கள். ஒரே பிட்ச்சில் இரண்டு குடும்பத்தை ஏற்றுக்கொள்வது அபூர்வம். இரவு 11 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது என்பதும் கண்டிப்பாக இருக்கும்; மகனின் பிறந்தநாள் பாட்டை அதற்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

கோயில் பயணத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் முருகன் கோயிலான ஸ்கந்தவேல் இருப்பது மேற்கு வேல்ஸில், கார்மார்தன்ஷயரில், லான்பம்செயின்ட் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில். லூயிஷாமிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டினால் பிள்ளைகளுக்கும் அலுப்பு, ஓட்டுபவருக்கும் அலுப்பு. யாத்திரிகர் தங்க அங்கே வசதி உண்டு; இடம் இருக்கிறதா என்று முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் கார்மார்தனைச் சுற்றிய சின்னத் தளம் ஒன்றைப் பதிந்துவிட்டு, விடியற்காலைப் பூசைக்கு அங்கிருந்து புறப்படலாம். அந்தப் பக்கத்துப் பாதைகள் ஒடுக்கம், எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். வானை ரிவர்ஸில் ஓட்டிப் பழகிக்கொண்டு போங்கள்.

ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டின் ஒரு தளத்தை மட்டும் குறித்து வையுங்கள்: தென்கிழக்கு லண்டனில் உள்ள அபிவுட். ஜேர்மனியிலிருந்தோ சுவிசிலிருந்தோ மைத்துனர் மோட்டார்ஹோமில் வந்தால் உங்கள் தெருவில் நிறுத்த இடமிராது. அங்கே விட்டுவிட்டு எலிசபெத் லைன் ரயிலில் நகருக்குள் போய்வரலாம். இதற்கும் அங்கத்துவம் கட்டாயமில்லை.

எந்தக் கிளப்பும் வேண்டாம் என்றாலும் ஒரு வழி உண்டு. 2023 ஜூலையிலிருந்து இங்கிலாந்தில் நில உரிமையாளர்கள், தனித் திட்ட அனுமதி இல்லாமலே, வருடத்தில் 60 நாள் வரை 50 பிட்ச்சுக்குள் தற்காலிக முகாம் நடத்தலாம். கூடாரத்துக்கும் கேம்பர்வானுக்கும் அங்கே இடம் உண்டு. இழுத்து வரும் கரவனுக்குத்தான் இல்லை. கோடையில் கடற்கரையோர வயல்களில் இப்படி நிறைய முளைக்கும். விலை மலிவாக இருக்கலாம். கழிவறை வரிசை மட்டும் காலையில் நீளும்.

கடைசியாக, எப்போது சேர்வது என்பது. சந்தா சேரும் நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குத்தான் ஓடும். குளிரில் வானை வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒக்டோபரில் சேர்ந்து ஐந்து மாதத்தை வீணாக்காதீர்கள். பள்ளி விடுமுறைக்கான இடங்கள் சீக்கிரம் போய்விடும் என்பதால், ஈஸ்டருக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாக நீங்களும் தம்பியும் ஒரே கிழமையில் சேர்ந்து அன்றே பதிந்துவிடுங்கள். முதல் பயணம் ஏப்ரலில் என்றால் பண்ணைக்காரரை அழைத்து, தரை காய்ந்துவிட்டதா, சரளை போட்ட இடம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்சக்கரத்தில் ஓடும் வான் ஈரப்புல்லில் புதைந்தால் இழுத்தெடுக்க அவருடைய டிராக்டர்தான் வர வேண்டும்.