பிபிடி போட்டால் ஜர்னல் கிளப் ஆகிவிடுமா?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். ஆய்வுக் கட்டுரையைப் படித்து எல்லாரும் சேர்ந்து அலசும் ஜர்னல் கிளப்பில் என் முறை வந்தால், கட்டுரையின் சுருக்கத்தையும் முடிவையும் ஸ்லைடில் போட்டு வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். "இந்த ஆய்வில் என்ன குறை?" என்று மேடம் கேட்டால், "சாம்பிள் சைஸ் குறைவு" என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வருவதில்லை. பெரிய டாக்டர்கள் எழுதியதில் நான் என்ன குறை காண்பது?
- ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: அந்தச் "சாம்பிள் சைஸ் குறைவு" கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வுக்கே ஒரு பையன் அதைச் சொன்னான்!

அந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். மேற்கு ஸ்காட்லாந்தில் கொலஸ்ட்ரால் அதிகமுள்ள, அதுவரை மாரடைப்பு வராத 6,595 பேரில் பாதிப் பேருக்கு ப்ராவஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்து, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று சுமார் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1995-ல் முடிவு வந்தது: மாரடைப்பும் இதயநோய் மரணமும் 31 சதவீதம் குறைந்தன. கேட்டதும் நாமும் நாளைக்கே மாத்திரை போட ஆரம்பிக்கலாமா என்று தோன்றும். ஆனால் ஆடித் தள்ளுபடி போர்டில் 30 சதவீதம் என்று பார்த்தால் "எவ்வளவு விலையில?" என்று கேட்போம் இல்லையா, இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும். மாரடைப்போ இதயநோய் மரணமோ வந்தது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 7.9 பேருக்கு, மருந்து சாப்பிட்டவர்களில் 5.5 பேருக்கு. வித்தியாசம் 2.4. அதாவது நூறு பேர் ஐந்து வருடம் விழுங்கினால் இரண்டு அல்லது மூன்று பேர் தப்பிக்கிறார்கள். 31-ம் பொய்யில்லை, 2.4-ம் பொய்யில்லை, ஆனால் நோயாளியிடம் எதைச் சொல்வீர்கள்? அப்புறம், ஆய்வில் இருந்த அத்தனை பேரும் 45 முதல் 64 வயது வரையுள்ள ஆண்கள். உங்கள் பெண்கள் வார்டில் இருக்கும் பாட்டிக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்? இதைக் கேட்க புள்ளியியல் பட்டம் வேண்டாம், வார்டில் நின்ற அனுபவம் போதும், அது உங்களிடம் இருக்கிறது.

பெரிய டாக்டர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொரோனாவுக்குக் கொடுத்தது பற்றி ஒரு கட்டுரை வந்தது, 96,000 கொரோனா நோயாளிகளின் தகவலாம். ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் ஏப்ரல் 21 வரை 73 பேர் இறந்ததாக அதில் இருந்தது. அந்தத் தேதி வரை நாடு முழுவதும் சேர்த்தே 67 பேர்தான் இறந்திருந்தார்கள். இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இடிக்கிறது! இப்படிக் கேள்விகள் குவிய, மூலத் தரவைச் சரிபார்க்க வழியில்லாமல் ஜூன் 4 அன்று கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள்.

அதனால் அடுத்த முறை முடிவுரையைக் கையால் மறைத்துவிட்டு, ஆய்வுமுறையையும் முதல் இரண்டு அட்டவணைகளையும் மட்டும் படியுங்கள். முடிவை நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டு, பிறகு கையை எடுத்துப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று திணறினால் ஆய்வுக் கட்டுரையை எடைபோட உதவும் 'கேஸ்ப்' (CASP) கேள்விப்பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கேள்வி: நான் ஜர்னல் கிளப் நடத்தும் உதவிப் பேராசிரியர். பிள்ளைகள் வாயே திறப்பதில்லை சார்!
- ஒரு வாசகர், மதுரை

பதில்: முதல் வரிசையில் துறைத்தலைவர் (எச்.ஓ.டி.) உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் தன் கருத்தைச் சொல்லிவிட்டால் யார் திறப்பார்கள்? இளையவர்களை முதலில் பேசவிட்டு, பெரியவர்கள் கடைசியில் பேசட்டும். கட்டுரையை ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், முந்தின ராத்திரி வாட்ஸப்பில் அனுப்பினால் பிபிடிதான் வரும். நான் ஒருமுறை ஒரு வரைபடத்தைக் காட்டி "இது எனக்கும் புரியலப்பா, யாராவது சொல்லுங்க" என்றேன். அரை நிமிடம் மயான அமைதி, பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து போர்டில் வரைந்தே காட்டிவிட்டாள்.