இரண்டாம் முறை படித்த கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜேன் ஆஸ்டனின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை ஒருவழியாகப் படித்து முடித்தேன். ஆரம்பத்தில் நாயகி எலிசபெத்தை ரொம்பப் பிடித்திருந்தது. டார்சி கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதும் முகத்துக்கு நேரே மறுக்கிறாளே, அங்கே கைதட்டத் தோன்றியது. ஆனால் அவனுடைய பெம்பர்லி மாளிகையைப் பார்த்ததும் அவள் மனம் மாறிவிடுகிறது. அந்தத் தோட்டத்தைப் பார்த்த நாளிலிருந்துதான் காதல் என்று அக்கா ஜேனிடம் அவளே சொல்கிறாள். வருடம் 10,000 பவுண்டு வருமானம் உள்ளவன் மேல் வருகிற காதலை எப்படி நம்புவது?

க.

அன்புள்ள க.,

அக்காவிடம் அவள் சொல்வது கேலி. விளையாடாமல் பதில் சொல் என்று ஜேன் உடனே கெஞ்சுகிறாள், அதை விட்டுவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கல்லூரி நாட்களில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் மனம் அசைவது பெம்பர்லிக்குச் சில மாதம் முன்பே, கென்ட் பகுதியில் ஒரு பாதையில். மறுப்பு வாங்கிய மறுநாள் காலை டார்சி ஒரு கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அடுத்த வரி என்னவோ என்ற பதற்றத்தில் கண்முன் இருக்கும் வரி அவள் மனதில் ஏறுவதில்லை. எல்லாம் பொய் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம்தான், மறுபடி பிரிக்கிறாள். டார்சி தனக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று அவளை நம்பவைத்த இளம் ராணுவ அதிகாரி விக்கம். இந்த முறை அவனைப் பற்றிய பகுதியை வாக்கியம் வாக்கியமாக நிறுத்திப் படிக்கிறாள்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைக்கிறது. அறிமுகமான மறுநாளே விக்கம் தன் சொந்தக் கதையெல்லாம் அவளிடம் கொட்டினானே, அது முறையா? டார்சிக்கு நான் ஏன் ஒதுங்கிப்போக வேண்டும் என்றவன், அடுத்த வாரமே நெதர்ஃபீல்டு நடன விருந்துக்கு வரவில்லை. டார்சி ஊரில் இருந்தவரை அவளிடம் மட்டும் சொன்ன கதையை, அவன் கிளம்பியதும் ஊரெல்லாம் சொன்னான். இதில் எதுவுமே புதுச் செய்தி அல்ல. எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. நாமும் படித்துத் தாண்டி வந்தவைதான், நமக்கும் உறைக்கவில்லை. ஆஸ்டனின் கைவேலை அங்கேதான் இருக்கிறது.

ஏன் உறைக்கவில்லை? ஆரம்பத்தில் மெரிட்டன் ஊரில் நடந்த நடனத்தில், சுமாராக இருக்கிறாள், என்னை இழுக்கும் அளவுக்கு அழகில்லை என்று டார்சி சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. ஒருவன் அலட்சியம் செய்தான், இன்னொருவன் தேடி வந்து பேசினான். அவ்வளவுதான் அவளுடைய நியாயம். இந்த நிமிடம்வரை என்னை நானே அறிந்ததில்லை என்று அவள் சொல்வது அதனால்தான். இந்தக் கதைக்கு ஆஸ்டன் முதலில் வைத்த பெயரே ‘ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்’, அதாவது முதல் அபிப்பிராயங்கள். 1797இல் அவர் அப்பா ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலே வேண்டாம் என்று பதில் வந்தது. புத்தகமாக வந்தது 1813இல். (அந்தப் பதிப்பாளருக்கு முதல் அபிப்பிராயம்கூட இருந்திருக்காது!)

கடிதம் வெறுப்பைத்தான் கரைக்கிறது, காதலைத் தருவதில்லை. இனி மாளிகைக்கு வருவோம். இதற்கெல்லாம் நான் எஜமானியாகியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்கிறது. ஆஸ்டன் அதை மறைக்கவில்லை. ஆனால் உடனே இன்னொரு நினைப்பு: கூட வந்திருக்கும் மாமாவையும் மாமியையும் இந்த வீட்டுக்கு விருந்தாளியாக அழைக்க விட்டிருப்பார்களா? மாமா லண்டனில் வியாபாரம் செய்பவர். கல்யாணம் கேட்டபோதே அவள் சொந்தபந்தங்களின் அந்தஸ்தைக் குத்திப் பேசியவன் டார்சி.

கொஞ்ச நேரத்தில் அவனே எதிரே வந்து நிற்கிறான். அந்த மாமாவிடம்தான், இந்தப் பக்கம் தங்கியிருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மீன்பிடிக்க வாருங்கள், தூண்டில் நான் தருகிறேன் என்கிறான். ஓடையில் எந்த இடத்தில் மீன் நன்றாகச் சிக்கும் என்றும் காட்டுகிறான். மாமி வியப்போடு எலிசபெத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். எலிசபெத் வாயே திறப்பதில்லை, உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. 43ஆம் அத்தியாயம், மாளிகையை விட்டுவிட்டுத் தூண்டிலை மட்டும் பார்த்து இன்னொரு முறை படியுங்கள்.

அன்புடன்.