வார மாத்திரையைத் தினமும் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. சரவாங்கி (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு அழற்சி நோய்) என்று மெத்தோட்ரெக்சேட் மாத்திரை 10 மி.கி. வாரம் ஒரு முறை கொடுத்திருக்கிறார்கள். 3 வாரமாகியும் விரல் வீக்கம் வடியவில்லை. 'இது கேன்சர் மருந்தாச்சே' என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா? இல்லை, தினமும் போட்டால் சீக்கிரம் கேட்குமா?
- வாசகி, தேனி

பதில்: இரண்டும் வேண்டாம். தினமும் மட்டும் போட்டுவிடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது படுத்துவிடும். வாயெல்லாம் புண், காய்ச்சல், அடிபடாமலே தோலில் நீலத்திட்டு என்று எது தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சுகர், பிரஷர் மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் கிடந்தால் இந்தத் தவறு எளிதில் நடந்துவிடும். தனியாக வையுங்கள். ஒரு கிழமையை முடிவு செய்து அட்டையிலேயே 'ஞாயிறு மட்டும்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மி.கி. பாருங்கள். 2.5 மி.கி. மாத்திரை நான்கு போட்டுப் பழகியவர், கடையில் 10 மி.கி. அட்டை தந்தது தெரியாமல் நான்கு போட்டால் 40 மி.கி. உள்ளே போய்விடும். இதனோடு தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறு நாளில். சில கம்பெனிகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை, மாறிவிடும். ஞாயிறு மறந்தால் 2 நாளுக்குள் போடலாம். தாண்டிவிட்டால் அடுத்த ஞாயிறுதான்.

கேன்சருக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். மூட்டுக்கு இது வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும், பொறுத்திருங்கள். அதுவரை வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடமே கேளுங்கள். ரத்த அணுக்கள், ஈரல், கிரியாட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சளி என்று வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தைச் சொல்லிவிடுங்கள். கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதனோடு சேரவே கூடாது.

கேள்வி: விரல் மூட்டுகள் வீங்குகின்றன. ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். அப்படியானால் சரவாங்கி இல்லைதானே?
- வாசகர், கரூர்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. நெகட்டிவாகவே இருந்து நோய் உள்ளவர்கள் கணிசம். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, கைகுலுக்கினால் வலி, 6 வாரம் தாண்டிய வீக்கம் என்றால் ருமட்டாலஜிஸ்டை (மூட்டு அழற்சி நோய் நிபுணர்) பாருங்கள். இந்த நோய்க்கு ஆன்டி-சி.சி.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையும் உண்டு.

கேள்வி: மனைவிக்குச் சரவாங்கி. காலையில் ஒரு மணி நேரம் கை மடங்காது. மதியம் நன்றாகவே வேலை செய்கிறாள். 'நடிப்பு' என்கிறார் என் அம்மா.
- வாசகர், திருச்சி

பதில்: நோயின் குணமே அதுதான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இரவு முழுக்க அசையாமல் கிடந்த மூட்டு அழற்சியில் விறைத்துப்போகும், அசைய அசையத்தான் இளகும். எழுந்ததும் ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து 10 நிமிடம் கையை அதில் மடக்கி நீட்டட்டும். குக்கர் மூடி திறப்பது, சாதம் வடிப்பது, துணி பிழிவது, தேங்காய் துருவுவது எல்லாம் உங்கள் வேலையாகட்டும். திருகும் குழாய்க்குப் பதில் நெம்பும் குழாய் மாட்டுங்கள். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது.