க்யூபேஸ்ல இருந்து ரீப்பருக்கு மாறிட்டேன், பழைய மல்டிட்ராக் ரெக்கார்டிங்கை எல்லாம் இனி எப்படி எடிட் பண்றது?

பாட்டு ரெக்கார்ட் பண்ணி எடிட் பண்ற சாஃப்ட்வேரை மாத்தினதுல ரெண்டு பிரச்சினை சொல்லியிருக்கீங்க. பழைய ப்ராஜெக்ட் ஃபைல் ரீப்பர்ல திறக்கல, சரி வேவ் ஃபைலையாவது இழுத்துப் போடலாம்னா எல்லாம் பாட்டோட ஆரம்பத்துலயே வந்து குவியுது. ரெண்டுமே அப்படித்தான் ஆகும். ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ள சத்தமே கிடையாது, எந்த ஃபைல்ல எந்தத் துண்டை எங்க வைக்கணும், எங்க ஃபேட் (சத்தம் மெல்ல ஏறறது, இறங்கறது), எவ்வளவு வால்யூம்ங்கற கணக்குதான் இருக்கு, அந்தக் கணக்கை ஒவ்வொரு கம்பெனியும் அவங்க பாணில எழுதி வச்சிருக்காங்க. ஆடியோ ஃபோல்டர்ல கிடக்கறது வெட்டாத டேக்குங்க, அதாவது ஒவ்வொரு தடவை பாடினதோ வாசிச்சதோட முழுப் பதிவு. ரெண்டாவது சரணத்துல பாடின டேக்கா இருந்தாலும் அதோட ஃபைல் அதோட பூஜ்யத்துலதான் ஆரம்பிக்கும்.

அதனால எடிட்டிங்கோட முதல் பாதி வேலை பழைய சாஃப்ட்வேர்லதான் நடக்கணும், அது இன்னும் ஓடிட்டிருக்கறப்பவே. லைசென்ஸ் முடிஞ்சப்புறமோ கம்ப்யூட்டர் மாத்தினப்புறமோ பாத்துக்கலாம்னு மட்டும் விட்டுடாதீங்க, தயவுசெஞ்சு. ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டோட பூஜ்யத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே நீளத்துல தனித்தனி வேவா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, நடுவுல வெறும் அமைதியா இருந்தாலும் பரவால்ல. மோனோ ட்ராக் மோனோவாவே வரட்டும், சாம்பிள் ரேட்டை (சத்தத்தை ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அளந்து பதியறதுங்கற எண்) மாத்தாதீங்க, 24 பிட் இல்லன்னா 32 பிட் ஃப்ளோட். ட்ராக்ல போட்ட இன்சர்ட் எஃபெக்ட், மொத்த மிக்ஸும் போற மாஸ்டர்ல சத்தத்தை அடக்கற லிமிட்டர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. ஆனா சுருதி திருத்தின வோக்கல், டைமிங் இழுத்து சரிபண்ணின பேஸ், ஆம்ப் சிமுலேட்டர் (கிட்டார் ஆம்ப்ளிஃபயர் மாதிரி ஒலிக்க வைக்கற எஃபெக்ட்) வழியா வந்த கிட்டார் இதுக்கெல்லாம் எஃபெக்ட்டோட ஒண்ணு, வெறுமையா ஒண்ணுன்னு ரெண்டு காப்பி எடுத்துக்கோங்க, ஏன்னா அந்தத் திருத்தமெல்லாம் ப்ராஜெக்ட் ஃபைல்லதான் இருக்கு, ரா வேவ்ல இல்ல. ஃபைலுக்குப் பேரு வைக்கறப்ப ஆடியோ 17, ஆடியோ 18னு விடாம ஸ்னேர் மேல், ஸ்னேர் கீழ்னு (ஸ்னேர் ட்ரம்மோட மேல் மைக், கீழ் மைக்) வச்சுட்டா பின்னாடி உங்களுக்குத்தான் நிம்மதி.

பொது ஃபார்மட் ஒண்ணும் இல்லையான்னு கேப்பீங்க. ஏஏஎஃப் இருக்கு, 2023ல பிட்விக், ப்ரீசோனஸ்ங்கற ரெண்டு மியூசிக் சாஃப்ட்வேர் கம்பெனிங்க கொண்டுவந்த டிஏடபிள்யூ-ப்ராஜெக்ட்டும் இருக்கு, ரீப்பருக்கு ரெண்டுக்குமே நடுவுல ஒரு கன்வர்ட்டர் வேணும். என்னைக் கேட்டா நீளமான வேவ் ஃபைலை நம்பறதுதான் மேல், பத்து வருஷம் கழிச்சு எந்த சாஃப்ட்வேர்லயும் திறக்கும். ரா டேக் ஃபோல்டரையும் தூக்கிப் போடாதீங்க. அது ப்ராட்காஸ்ட் வேவா ரெக்கார்ட் ஆகியிருந்தா ஃபைலுக்குள்ளயே நேரமுத்திரை இருக்கும், ரீப்பர்ல எல்லா துண்டையும் செலக்ட் பண்ணி ஆக்‌ஷன் லிஸ்ட்ல ‘சோர்ஸ் ப்ரிஃபர்டு பொசிஷன்’னு தேடி ஓட்டுனீங்கன்னா ஒவ்வொண்ணும் அது ரெக்கார்ட் ஆன இடத்துக்கே போய் உக்காந்துக்கும். பழைய ப்ராஜெக்ட்டைத் திறக்கவே வழியில்லாதவங்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

இம்போர்ட் பண்றப்ப வரிசை முக்கியம். பழைய சாஃப்ட்வேர்ல இருந்து டெம்போவோட (பாட்டோட வேகம்) ஒரு மிடி ஃபைல் (சத்தம் இல்லாம நோட்டு, வேகம் மாதிரி குறிப்பு மட்டும் இருக்கற ஃபைல்) எடுத்து அதை முதல்ல ரீப்பர்ல போடுங்க, டெம்போ மேப்பையும் எடுத்துக்கவான்னு கேக்கும், சரின்னு சொல்லுங்க. அப்புறம்தான் ஆடியோ. மாத்திப் பண்ணினா என்ன ஆகும்னா, ரீப்பர்ல ஆடியோ துண்டுங்க இயல்பாவே பீட்டோட கட்டுப்பட்டிருக்கும், நீங்க டெம்போவை மாத்தினதும் வோக்கலும் கூடவே இழுபடும். பாட்டோட பழைய ரஃப் மிக்ஸை ஒரு ட்ராக்ல போட்டு வச்சு, கடைசி கோரஸ்ல புது ட்ராக்குங்களோட சேத்து ஓட்டிக் கேளுங்க, அங்கயும் அடி மேல அடி சரியா விழுந்தா எல்லாம் ஒழுங்கா வந்திருக்குன்னு அர்த்தம். (வேற சாஃப்ட்வேருக்குப் போறவங்க சாம்பிள் ரேட்டைப் பாத்துக்கோங்க, 48 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் கன்வர்ட் ஆகாம 44.1 ப்ராஜெக்ட்ல ஓடினா 4 நிமிஷப் பாட்டு 4 நிமிஷம் 21 செகண்டுக்கு நீளும், சுருதியும் ஒன்றரை செமிடோன் இறங்கிடும்.)

இனி எடிட்டிங். முதல் வாரம் கை பழைய கீபோர்டு பழக்கத்துலயே போகும், அதுல ஒண்ணு ரொம்ப ஆபத்து. க்யூபேஸ்ல எஸ் கீ சோலோ, ரீப்பர்ல எஸ் கீ வெட்டு. ஒண்ணையும் செலக்ட் பண்ணாம எஸ் தட்டினா கர்சருக்குக் கீழ இருக்கற அத்தனை ட்ராக்கும் வெட்டுப்படும், சத்தத்துல உடனே தெரியாது, அரை மணி நேரம் கழிச்சு ஒரு துண்டை நகர்த்தறப்பதான் தெரியும். ஆக்‌ஷன் லிஸ்ட்ல போய் எஸ் கீயை சோலோவுக்கே மாத்திட்டு வெட்டுக்கு வேற கீ வச்சுக்கலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல. ரிப்பிள் எடிட்டிங் ஆல்ட்-பி (P), அது தெரியாம ஆன் ஆகியிருந்தா ஒரு மூச்சை அழிச்சதும் பின்னாடி இருக்கற எல்லாம் முன்னாடி நகர்ந்துடும், அந்த பட்டன் எப்படி இருக்குன்னு அப்பப்ப ஒரு பார்வை பாத்துக்கோங்க.

ட்ரம்ஸ்ல மட்டும் அவசரமே படாதீங்க. பழைய சாஃப்ட்வேர்ல நீங்க வச்சிருந்த குரூப் எதுவும் வேவ் ஃபைலோட கூட வராது, ஒவ்வொரு மைக்கும் இப்ப தனித்தனி. ஸ்னேர்ல இருந்து, ட்ரம்ஸுக்கு மேல வைக்கற ஓவர்ஹெட் மைக் 1 மீட்டர் தள்ளி இருந்தா சத்தம் அங்க போய்ச் சேர கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகும், அந்த வித்தியாசம்தான் ட்ரம்ஸுக்கு ஒரு அறையோட உருவத்தைக் குடுக்குது. ஸ்னேர் ட்ராக்கை மட்டும் வெட்டி கிரிட்ல (திரையில இருக்கற தாளக் கோடு) ஒட்டினீங்கன்னா ஃபேஸ் கெட்டு, அதாவது மைக்குங்களோட அலைங்க ஒண்ணை ஒண்ணு அழிச்சு, ஸ்னேர் மெலிஞ்சு போகும், அப்புறம் எந்த ஈக்யூ போட்டாலும் திரும்பாது. அதனால எல்லா ட்ரம் துண்டையும் செலக்ட் பண்ணி ஜி தட்டி குரூப் பண்ணிட்டு, அப்புறம் வெட்டுங்க. வெட்டு அடி மேல விழக்கூடாது, அடிக்கு ஒரு பொடி முன்னாடி விழணும், க்ராஸ்ஃபேட் (ஒரு துண்டு மங்க மங்க அடுத்தது ஏறற ஒட்டு) 5ல இருந்து 10 மில்லிசெகண்ட், அதுவும் அடி ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும். ஸ்னேரைப் பெருசாக்கிப் பாத்து வெட்டினாலும் சரியா வந்திருக்கான்னு ஓவர்ஹெட்டைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும், சிம்பல் இழுத்துட்டு இருக்கற இடத்துல ஒட்டு அங்கதான் காட்டிக்குடுக்கும்.

வோக்கல் இதைவிட சுலபம். ரீப்பர் 7ல டேக்குங்களை லேன் லேனா அடுக்கி வேணுங்கற வரியை மட்டும் தேர்ந்தெடுத்துக்கலாம், ஒட்டு எப்பவும் மூச்சுலயோ ‘ஸ’ மாதிரி உரசல் எழுத்துலயோ வரட்டும்.

எல்லாம் சரியா வந்தப்புறமும் நடுவுல இருக்கற வோக்கல் ஏன் பழைய மிக்ஸை விட முட்டிட்டு நிக்குதுன்னு தோணும். அது பான் லா, இடது வலதுக்கு நடுவுல வைக்கற சத்தத்தை எவ்வளவு குறைக்கறதுங்கற விதி. க்யூபேஸ் இயல்பா நடுவுல வைக்கற மோனோவை 3 டெசிபல் குறைக்கும், ரீப்பர் இயல்பா குறைக்காது. ஃபேடரைத் தொடறதுக்கு முன்னாடி ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு பக்கத்துல பான் லாவை மைனஸ் 3 ஆக்கிட்டு ஒருதடவை கேட்டுப் பாருங்க.